கேள்வியை எழுதியவள்

எங்கள் தெருவில் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "சவரிராயன் மக மதலேனா? யப்பா, அந்த வாயா!" என்பார்கள். பொய்யில்லை. பிரசங்கம் நீண்டுபோனால் பங்குச் சாமியாரிடமே முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவள், முப்பத்தாறாம் வருஷம் கோடையில், வாயைத் திறந்து பதில் சொல்லியே ஆகவேண்டிய ஒரு இடத்தில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்னால் தெருவில் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை.

மெட்ராஸில் ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் ஆனர்ஸ் படிக்கவேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்று மெதுவாகச் சொல்கிறேன். வீட்டில் அதற்காக நான் போட்ட சண்டையைக் கேட்டால் வேறு பெயர் சொல்வீர்கள். புதுச்சேரிப் பிரெஞ்சுக் கல்லூரியில் பக்கலோரேயா என்ற பள்ளியிறுதிப் பரீட்சை தேறியிருந்தேன். எங்கள் வகுப்பில் பெண்ணென்று நான் ஒருத்திதான்.

அப்பாவுக்கு ஊர் திரிபுனலில், அதாவது கோர்ட்டில், குமாஸ்தா வேலை. நீதிபதியும் வக்கீலும் சாட்சியும் பேசுவதையெல்லாம் பிரெஞ்சில் எழுதி வைப்பது அவர்தான். அவருக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. தெரியாததில் பெருமை வேறு.

"இங்கிலீஷ்ல என்னாடி இருக்குது?" என்பார். "பிஸ்கோத்து டப்பா மேல ஒட்டறதுக்கு ஆவும். வேற எதுக்கு ஆவும்?"

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு எழுத்துச் சொல்லித்தரும் வேலையை எனக்காகப் பேசி வைத்திருந்தார். நல்ல வேலைதான். ஆனால் அந்த வேலையை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. கடைசியில் ஒருநாள் சண்டையின் நடுவில் அப்பா ஒரு ராஜி சொன்னார்.

"மெட்ராஸ்லேந்து வந்துருக்கற அந்த மிஸ்சு உன்ன எடுத்துக்கிட்டா அப்பறம் பாக்கலாம். எடுத்துக்கலன்னா மறுபேச்சு பேசாம மடத்து வேலையில சேர்ந்துடணும். சரியா?"

போ என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? பாக்கலாம் என்றார். கோர்ட்டுக் குமாஸ்தா அல்லவா, எதிலும் ஒரு சந்து வைத்துத்தான் பேசுவார். இருந்தாலும் சரி என்றேன்.

மிஸ் என்று அப்பா சொன்னது அந்தக் கல்லூரியின் இங்கிலீஷ் பேராசிரியை மிஸ் ஹார்ட்லியை. எங்கள் ஊர்ச் சான்றிதழ் பிரெஞ்சில் இருக்கும். மெட்ராஸ்காரர்களுக்கு அதைப் பார்த்தால் தலையும் புரியாது வாலும் புரியாது. கோடை விடுமுறைக்குப் புதுச்சேரிக் கடற்கரைக்கு வந்திருந்த மிஸ் ஹார்ட்லி, பெண்ணை நேரிலேயே பார்த்துப் பேசிவிடுகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவர் சரி என்றால் இடம் உண்டு. இல்லையென்றால் இல்லை.

எனக்கு ஒரு பயமும் இல்லை. ஏன் இருக்கவேண்டும்? எங்கள் வாத்தியார் முசே தனிஸ்லாஸின் இங்கிலீஷ் வகுப்பில் எப்போதும் முதல் இடம் எனக்குத்தான்.

முசே தனிஸ்லாஸ் எங்கள் ஊர்த் தமிழர்தான். எல்லை தாண்டி, இங்கிலீஷ்காரர் ஆண்ட கடலூருக்குக்கூடப் போகாதவர். இங்கிலீஷை அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூட வழக்கப்படியே சொல்லிக்கொடுத்தார். அதாவது திக்தே. அவர் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், நாங்கள் பிழையில்லாமல் எழுதவேண்டும். ஒவ்வொரு துண்டையும் நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை சொல்வார். கமா வந்தால் பிரெஞ்சில் "விர்குல்" என்பார், முற்றுப்புள்ளி வந்தால் "புவேன்" என்பார். சொல்லிக்கொண்டே பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். ஐந்து பிழை வந்தால் சைபர். பக்கத்துப் பையன்கள் பார்த்தெழுதாமல் இருக்க நான் இடது கையால் தாளை மறைத்துக்கொள்வேன். என் தாளில் பிழை தேடித் தேடி முசேவுக்குக் கண் வலித்ததுதான் மிச்சம்.

பேசுவதா? யாரிடம் பேசுவது? வீட்டில் தமிழ், ஆபீசில் பிரெஞ்சு, கோவில் பூசையில் லத்தீன். இங்கிலீஷ் பேச எங்கள் ஊரில் ஆளேது? வாய்மொழிப் பரீட்சையில்கூட ஒரு பக்கத்தைப் படித்து, அதைப் பிரெஞ்சில் சொன்னால் விட்டுவிடுவார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை நான் ஒரு மனிதரைப் பார்த்து ஒரு இங்கிலீஷ் வாக்கியம் பேசியதில்லை. அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றவில்லை.

என்னோடு படித்த அரிகிருஷ்ணனுக்குத்தான் தோன்றியது. மாமாவின் அரிசி வியாபாரத்துக்காக அடிக்கடி கடலூர் போய்வருகிறவன்.

"அந்தம்மா எதுனா கேட்டா வாயத் தொறப்பியா மதலேன்?" என்றான், வழியில் பார்த்து.

"என் வாயப் பத்தி நீ கவலப்படுறியாக்கும்! ஒன் திக்தேல வந்த தப்ப மொதல்ல எண்ணி முடி."

"நான் தப்புத் தப்பாத்தான் பேசுவேன். ஆனா பேசுவேனே," என்று சிரித்துவிட்டுப் போனான். போடா என்று விட்டுவிட்டேன்.

மிஸ் ஹார்ட்லி கடற்கரையோரம் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தார். அப்பா கோட்டும் தொப்பியுமாக வந்தார். சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். மிஸ் நல்ல உயரம்; வெயிலில் மூக்கெல்லாம் சிவந்திருந்தது. என்னை மேசைக்கு எதிரே உட்காரச் சொன்னார். மேசைமேல் வெள்ளைத் தாளும் பேனாவும் மைக்கூடும் இருந்தன.

பிரெஞ்சுப் படிப்பு படித்த பெண்ணுக்கு இங்கிலீஷ் எங்கே புரியப்போகிறது என்று மிஸ் நினைத்திருக்கவேண்டும். அதனால் எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிதானமாக, உரக்கச் சொன்னார். சொன்னதையே மறுபடியும் ஒரு தடவை சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு தெம்பு வந்தது. அட, திக்தே! பேனாவை எடுத்து மையில் தோய்த்து எழுத ஆரம்பித்தேன்.

மிஸ் கொஞ்சம் தயங்கி அடுத்ததைச் சொன்னார். எழுதினேன். இன்னும் உரக்க அடுத்ததையும் அதற்கடுத்ததையும் சொன்னார். அவற்றையும் எழுதினேன். விர்குலும் புவேனும் அவர் சொல்லவில்லை. ஆனர்ஸ் படிப்பல்லவா, நாமே போட்டுக்கொள்ளவேண்டும் போலிருக்கிறது என்று நானே அழகாகப் போட்டேன். அவர் மேசையைச் சுற்றி என் தோளுக்குப் பின்னால் வந்தார். முசேவும் அப்படித்தானே வருவார்! வழக்கம்போல இடது கையால் தாளை மறைத்துக்கொண்டேன். மிஸ் தனக்குத்தானே மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டார். அதையும் விடாமல் பிடித்து எழுதிவிட்டு, பேனாவைக் கீழே வைத்தேன். திக்தே முடிந்தால் முழுவதையும் ஒருமுறை திருப்பி வாசிப்பார்களே, அதற்காக அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன்.

அவரும் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். ஆனால் கேள்வி கேட்கிற முகம் எது, பதில் சொல்லாத முகம் எது என்று அவருக்குத் தெரியாதா? தினமும் அதைப் பார்த்துத்தானே சம்பளம் வாங்குகிறார்?

"அடியே! என்னாடி பண்ற?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "அந்தம்மா ஒன்ன கேள்வி கேக்கறாங்கடி!"

"அதான் எழுதறேன்ல!"

"எழுதறது என் வேலடி! சாட்சி எழுதக்கூடாது, பேசணும். வாயத் தொற!"

அப்போதுதான் நான் எழுதியதையே நான் படித்துப் பார்த்தேன். 'உன் பெயர் என்ன? எந்த ஊரில் பிறந்தாய்? ஏன் இங்கிலீஷ் படிக்க விரும்புகிறாய்? நான் சொல்வது கேட்கிறதா? ஐயோ பாவம், இந்தப் பெண்ணுக்குக் காது செவிடு போலிருக்கிறதே!' கடைசியில் ஆச்சரியக்குறிகூடச் சரியாகப் போட்டிருந்தேன். போச்சு. மெட்ராஸ் போச்சு, ஆனர்ஸ் போச்சு, எல்லாம் போச்சு.

மிஸ் தாளை எடுத்துப் படித்தார். படிக்கப் படிக்க உதடு துடித்தது. கடைசி வரிக்கு வந்ததும் வெடித்துச் சிரித்தார், பாருங்கள், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு பிழைகூட இல்லை!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குப் பேச்சும் வரும். அது என்ன பாஷை என்றெல்லாம் பார்க்காது.

"என் பெயர் மதலேன் விர்குல் நான் செவிடு இல்லை புவேன்," என்றேன் இங்கிலீஷில். என்னையறியாமல் அதையே இரண்டாம் தடவையும் சொன்னேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பேச்சு அப்படித்தான் இருந்தது, என்ன செய்ய?

மிஸ் இன்னும் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து, சாதாரணமாக, ஒரே தடவை கேட்டார்: "சரி, மதலேன். ஏன் இங்கிலீஷ்?"

வீட்டில் யோசித்து வைத்திருந்த நல்ல பதில் ஒன்றும் வரவில்லை. உள்ளே கிடந்தது வந்தது.

"எங்கள் வீட்டில் என்னைப் பேச விடுகிறார்கள் விர்குல் ஆனால் யாரும் கேட்பதில்லை புவேன். நான் என்ன சொன்னாலும் வாயாடி என்று சிரிக்கிறார்கள் புவேன். நான் சொல்வது தப்பு என்றுகூட ஒருவரும் சொன்னதில்லை. உங்கள் கல்லூரியில் ஒரு பெண் பேசினால் உட்கார்ந்து கேட்டு விர்குல் எதிர்த்து வாதாடுவார்கள் என்று படித்தேன். எனக்கு அது வேண்டும். இங்கிலீஷில் எனக்கு இன்னும் வாயாடி என்ற பெயர் வரவில்லை."

மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டார். அப்பாவைக் காட்டி, "இதை உன் தகப்பனாருக்கு உங்கள் பாஷையில் சொல்," என்றார். "அப்படியே சொல்லவேண்டும். உனக்கு நான் வைக்கும் பரீட்சை அதுதான்."

இதென்னடா வம்பு என்று ஆகிவிட்டது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மிஸ்ஸுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் எதைச் சொன்னாலும் செல்லும். 'இங்கிலீஷ் படித்தால் நல்ல வேலை கிடைக்கும் என்றேன்' என்று அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார். உண்மையைச் சொன்னால் தொப்பியை எடுத்துக்கொண்டு, வாடி வீட்டுக்கு என்று கிளம்பினாலும் கிளம்புவார். பாக்கலாம் என்ற சந்துதான் இருக்கிறதே.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னேன்.

"நம்ம வூட்ல நான் பேசறத யாரும் கேக்கறதில்லப்பா. சிரிக்கறீங்க. வாயாடின்றீங்க. நான் சொல்றது சரியா தப்பான்னு நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல. அங்க போனா கேப்பாங்க. அதுக்குத்தான் படிக்கப் போறேன்னு சொன்னேன்."

அப்பா தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஊர்ல உள்ள திருடன் பேசறத கேக்கறேன்," என்றார் கடைசியில். "பொய்ச்சாட்சி பேசறத கேக்கறேன். சர்க்கார் சம்பளம் குடுக்குது, ஒரு எழுத்து விடாம கேட்டு எழுதறேன். எம் பொண்ணு பேசறத கேக்கல பாரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா என் பக்கம் பார்க்காமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தம்மாகிட்ட கேளு," என்றார். "ஞாயித்துக்கிழமயில ஒன்ன பூசைக்கு அனுப்புவாங்களா?"

இங்கிலீஷில் கேட்டேன். மிஸ் ஹார்ட்லி அப்பாவிடம் கையை நீட்டி, "ஒரு ஞாயிறுகூடத் தவறாது," என்றார். அழுகைக்கு நடுவில் அதைத் தமிழில் சொல்ல நான் படாதபாடு பட்டேன்.

திரும்பும்போது புஷ் வண்டி பிடித்தோம். அதில் பின்னாலிருந்து தள்ளுவதுதான் வண்டிக்காரர் வேலை. முன்னால் பிடியைப் பிடித்துத் திருப்புவது உட்கார்ந்திருப்பவர். அப்பா பிடியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும், "ம், பேசு. கேக்கறேன்," என்றார்.

சும்மா இருப்பேனா? "சாட்சிக்காரன் தமிழ்ல சொல்றத நீங்க பிரெஞ்சுல எழுதறீங்களே, அது தப்புப்பா. நீங்க என்னா எழுதனீங்கன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

"தப்பு!" என்றார் அப்பா. "நீ சொல்றதுதான் தப்பு! தமிழ்ல வாசிச்சுக் காட்டித்தான் கைநாட்டு வாங்கறோம்."

"வேகவேகமா வாசிப்பீங்க. அவனுக்கு என்னா புரியும்?"

"வேகமா வாசிச்சத நீ பாத்தியா? எங்க பாத்த, சொல்லு!"

விட்டேனா நான்? விட்டாரா அவர்? வீடு தாண்டிப் போகிறது, பிடியைத் திருப்புங்கள் என்று வண்டிக்காரர் பக்கிரி பின்னாலிருந்து எவ்வளவோ கத்தினாராம். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை.