அண்ணன் கொடுத்த ஆட்சேபணை

திருமணப் பதிவு அலுவலகத்துக் குமாஸ்தாவுக்கு முன்பற்கள் இரண்டும் கட்டியவை. மட்டமான வேலை, ஈறோடு ஒட்டாமல் மயிரிழை விலகி நின்றன. பல் லேபில் பதினோரு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறவளுக்கு அது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வாயில் இரண்டு பொய்யை மாட்டிக்கொண்டு இந்த ஆள் தன்னை உண்மை கேட்கிறானே என்று நினைத்துக்கொண்டாள்.

"அடையாள அட்டையில பெண்ணுன்னு இருக்கு. பிறப்புச் சான்றிதழ்ல ஆணுன்னு இருக்கு. நான் எதப் பாக்குறது?"

"என்னப் பாருங்க சார்."

பக்கத்தில் நின்ற லிஃப்ட் மெக்கானிக் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்தான் மாப்பிள்ளை. லேப் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பழுதானபோது வந்தவர். அது சரியான பிறகும் நாலு வருடமாக வந்துகொண்டிருந்தார்.

குமாஸ்தா உள்ளே போய், "சார், அது ஒண்ணு கல்யாணம் பண்ணணும்னு வந்திருக்கு" என்றது கதவிடுக்கு வழியாகக் கேட்டது. அவன் என்றும் சொல்லாமல் அவள் என்றும் சொல்லாமல், நாற்காலியையும் நாயையும் சொல்கிற சொல்லில் முடித்துக்கொண்டான்.

அதிகாரி விதியைப் படித்துச் சொன்னார். அறிவிப்புப் பலகையில் முப்பது நாள் இருவர் பெயரும் தொங்கும். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் அடையாள அட்டையை வைத்தே பதிந்துவிடுவார். யாராவது ஆட்சேபித்தால் பிறப்புச் சான்றிதழைத்தான் பார்க்க வேண்டிவரும். பார்த்தால் இரண்டு ஆண்கள். கல்யாணம் கிடையாது.

இருபத்தேழாம் நாள் ஆட்சேபணை வந்தது. கொடுத்தது அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் பள்ளிக்கூட வாத்தியார். இலக்கணம் நடத்துகிறவர். 'என் தம்பியாகிய மேற்படி நபர், தன்னைப் பெண் எனக் கூறி அரசை ஏமாற்ற முயல்வதால்' என்று தொடங்கி, ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். ஜன்னலோரம் நின்று படித்தவளுக்கு அந்தப் பிழையின்மைதான் அதிகமாக எரிந்தது.

"இத்தன வருஷம் எட்டிப் பாக்காத மனுஷன் இப்ப ஏன் வர்றாரு?" என்று மெக்கானிக் கேட்டார்.

"பொண்ணுக்கு வரன் பாக்குறாராம். பலகையில நம்ம பேர் தொங்கினா இவருக்குத் தல தொங்கிடுமாம்."

சொல்லும்போதே, அண்ணன் ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது.

பத்தொன்பது வயதில் அவள் வீட்டைவிட்டு வெளியேறியபோது, இனி இந்த வீட்டில் அந்தப் பேரை எடுக்கக்கூடாது என்றவர் அவர். அப்பா செத்த சேதியைக்கூட ஒரு மாதம் கழித்துத்தான் சொல்லியனுப்பினார். அதற்கும் பிறகு, ஆறு வருடத்துக்கு முன், லேபுக்கே தேடி வந்தார். "தங்கச்சி, நல்லாருக்கியா?" என்றார். பிறந்ததிலிருந்து அவர் வாயால் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. உருகிப்போய்விட்டாள். நீட்டிய காகிதத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். அப்பா வீட்டில் அவளுக்கிருந்த பாதியை ஒரே சொல்லுக்கு வாங்கிக்கொண்டு போனார். அன்றைய தன் அசட்டுத்தனத்தை நினைத்தால் அவளுக்கு அண்ணனைவிடத் தன்மேல்தான் அருவருப்பு அதிகம்.

மறுநாள் லீவு போட்டுப் பத்திர அலுவலகத்தில் அந்தக் காகிதத்துக்கு நகல் வாங்கினாள். அவள் அட்டையில் பெண் என்று இருந்ததால், பத்திரம் செல்ல வேண்டுமே என்று அண்ணனும் அப்படியே எழுதித் தொலைத்திருந்தார்: 'எனக்கு உடன்பிறந்த சகோதரர் எவருமில்லை. தங்கை ஒருத்தி மட்டுமே. அவள் தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்துள்ளாள். இது சத்தியம்.'

விசாரணை அன்று அண்ணன் இஸ்திரி மடிப்பு கலையாமல் வந்து உட்கார்ந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் நகலை அதிகாரி மேசையில் வைத்தாள். அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"வாத்தியாரே, உங்களுக்குத் தம்பி இருக்காரா, இல்லையா?"

"சார், அது வேற விஷயம். அது வீட்டுக்காக எழுதினது."

"சத்தியம்னு போட்டிருக்கீங்களே."

அண்ணன் கைக்குட்டையை எடுத்தார். அவள்தான் பேசினாள்.

"தம்பின்னா தம்பின்னே சொல்லுங்கண்ணா. அப்ப அந்தப் பத்திரம் பொய். வீடு திரும்பப் பாகத்துக்கு வரும். தங்கச்சின்னா மனுவத் திரும்ப வாங்கிக்குங்க. வீட்டுக்கு ஒண்ணு, கல்யாணத்துக்கு ஒண்ணுன்னு வச்சுக்க நான் என்ன உங்க சட்டையா?"

வீடு என்ற சொல் விழுந்ததுமே அண்ணனின் மானம் மரியாதை எல்லாம் எங்கோ போய்விட்டது. ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, பேனாவைத் திறந்துவிட்டார். 'மேற்படி நபரின் திருமணத்திற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதினார். அவள் காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"நபர் இல்ல. தங்கைன்னு எழுதுங்க."

அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் எழுதினார். ஒரு காலத்தில் உயிரையே கொடுத்திருப்பாள் அந்தச் சொல்லுக்கு. இப்போது அது காகிதத்தில் ஈரம் காயாமல் கிடந்தது. அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதற்காகவா ஏங்கினோம் என்றுதான் இருந்தது.

"வாழ்த்துக்கள்மா" என்றார் அதிகாரி. போன மாதம் கண்ணைப் பார்த்துப் பேசாதவர். குமாஸ்தாகூட, "அவங்களுக்கு ரசீது போடட்டுமா சார்?" என்று கேட்டான். ஒரு நகல் காகிதம் அவனுக்கு இலக்கணம் கற்றுக்கொடுத்திருந்தது.

வெளியே படிக்கட்டில் அண்ணன் பின்னாலேயே வந்து குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு கல்யாணம் முடியுற வரைக்கும் இத யார்கிட்டயும் சொல்லிக்காத."

"எனக்கு அண்ணன் இருக்கிறதையே நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. வெக்கமா இருக்கும்" என்றாள். அவளும் மெக்கானிக்கும் தெருவைக் கடந்துவிட்டார்கள்.

நாலாம் நாள் பதிவு நடந்தது. லேப் முதலாளியம்மா சாட்சி. பத்து மாடி உயரத்தில் கயிற்றில் தொங்கி வேலை பார்க்கிற மெக்கானிக், பதிவேட்டின் முன் உட்கார்ந்து பேனாவை உதறி உதறிப் பார்த்தார்.

"பேனா எழுதமாட்டேங்குது" என்றார்.

"பேனா நல்லாத்தான் இருக்கு. நீங்க மூச்சு விடுங்க" என்று அவள் அவர் தோளைத் தொட்டாள். அவர் மூச்சு விட்டார். கையெழுத்து கோணலாகத்தான் விழுந்தது. அதற்குக் கீழே, மணமகள் என்று அச்சடித்திருந்த கட்டத்தில், அவள் நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.