எழுந்து நிற்க ஒரு நிமிஷம்

வணக்கம். சாப்பிட்டாச்சா, உடம்பு தேவலையா, பிரஷர் மாத்திரை போட்டீர்களா? போடாதவர்கள் போட்டுவிட்டு வந்து படியுங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது 2006 ஆடி மாசம், திருப்பூரில் ஒரு டாக்டரம்மா கிளினிக் பெஞ்சில். பக்கத்தில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி, ஐம்பத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் தரையில் உட்கார்ந்து பிசிர் நூல் வெட்டுகிற வேலை. அவள் சொன்னது பாதி, நான் சேர்த்தது மீதி. எது எது என்று கேட்காதீர்கள், எனக்கே குழம்பிவிட்டது.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "ரத்தக்குழாய் என்பது..." (அடித்துவிட்டேன். பாடப்புத்தகம்.)

பிறகு: "அவள் விழுந்தபோது வானம்..." (கம்பெனிக்குள் ஏது வானம்? தகரக் கூரைதான்.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். பனியன் வாங்க ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டு பையர் உள்ளே வந்தால் அந்தக் கம்பெனியில் எல்லோரும் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். ஒருநாள் அப்படி எழுந்தவளுக்குக் கண் இருட்டி, மடித்து வைத்த டீ-ஷர்ட் அடுக்கின் மேலேயே சாய்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் கந்தவேல் லோ பிரஷர் என்று முடிவுகட்டி உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். அதை நம்பி இவளும் பல வருஷமாகப் போட்டுவந்த ஹை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். இருபது நாள் கழித்து டாக்டரம்மா உட்கார வைத்துப் பார்த்தால் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு.

3

"கழுத்து ரத்தக்குழாய்ல ஒரு எடம் இருக்குங்க. எந்திரிச்சா ரத்தம் காலுக்கு எறங்கும், கொழாய் தளரும். அந்த எடம் உடனே மூளைக்குச் சேதி சொல்லும், இதயம் வேகமா அடிக்கும். பல வருஷப் பிரஷர்ல உங்க கொழாய் வெறைச்சுப் போச்சுங்க. சேதி சரியாப் போறதில்ல."

"அப்ப என் கழுத்து ரிப்பு போச்சுன்னு சொல்லுங்க தாயி. இழுத்தா விரியாது, விட்டா சுருங்காது. நாங்க ரிஜெக்ட்ல போட்டுருவோம்."

(ரிப்பு: பனியன் கழுத்துப் பட்டி. டாக்டரம்மாவுக்கும் இதைச் சொல்ல வேண்டியிருந்ததாம்.)

"உங்கள யாரும் ரிஜெக்ட் பண்ணலீங்க. மாத்திரைய நிறுத்தாதீங்க. மொதல்ல காலை ஆட்டுங்க, எதையாச்சும் புடிச்சு மெதுவா எந்திரிங்க. ஒரு நிமிஷம் ஆவட்டும்."

4

அந்த ஒரு நிமிஷத்தைத்தான் கந்தவேலிடம் கேட்டாள்.

"ஏனுங்க பேச்சியக்கா, எல்லாரும் நிக்கையில நீங்க மட்டும் உக்காந்திருந்தா பையர் என்ன நெனப்பாரு? அப்படி உக்காந்தாலும் சரி, இன்னொருக்கா விழுந்தாலும் சரி, ஊட்டுலயே இருந்துக்குங்க."

"உக்காந்தாலும் வீடு, விழுந்தாலும் வீடா? நல்ல சட்டம் தம்பி."

(கந்தவேலை வில்லனாக்கப் பார்த்தேன். அமையவில்லை. அவள் விழுந்த அன்று ஆட்டோ பிடித்ததும் அவர்தான்.)

5

மறுநாள் பையர் வருகிறார் என்று சொல்லிவிட்டு முத்துப்பேச்சி மறுபடியும் டாக்டரம்மாவைப் பார்க்க உள்ளே போனாள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைவேலை.

அவள் எழுந்தாள், விழுந்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். மனசு கேட்கவில்லை, அழித்தேன். பையரே வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார் என்று இன்னொன்று. நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும்தான்.

மிச்சம் இவ்வளவு:

கதவு திறந்தது. நாற்பது பேர் எழுந்தார்கள். முத்துப்பேச்சி உட்கார்ந்தபடியே காலை நீட்டி, பாதத்தை ஆட்ட ஆரம்பித்தாள். பையர் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா," என்றார் கந்தவேல், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றாள் அவள், எல்லோருக்கும் கேட்கும்படி.

அந்த நிமிஷம் முடிந்ததும் அவளுக்கு வேலை இருந்ததா? எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதவும் மாட்டேன். உங்களில் யாராவது, எல்லோரும் எழுந்து நின்ற இடத்தில் உடம்புக்காக உட்கார்ந்தே இருந்திருப்பீர்கள். என்ன சொன்னார்கள், அப்புறம் என்ன ஆயிற்று? அதை எழுதி அனுப்புங்கள்.