டெல்பர்ட் பிடிக்கும் கயிறு

வடதுருவத்தைத் தாண்டி வந்த ஆகாயக் கப்பல் எங்கள் அலாஸ்கா ஊரின் பனியில் இறங்கியபோது, அது வீசிய கயிற்றை முதலில் எட்டிப் பிடித்தவர் துலுகாக். எங்களிடம் பெயர் சாவதில்லை. ஆள் போனால் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு அது போகும். கூடவே அந்த ஆளின் உறவுகளும் போகும். அப்படிக் கைமாறி அந்தப் பெயர் என் அண்ணன் டெல்பர்ட்டிடம் வந்திருந்தது. கப்பல் இறங்கிய நாளைக் கொண்டாடும் மே மாத ஆண்டுவிழாவில் பள்ளிக்கூடத்தார் பறக்கவிடும் பலூனின் கயிற்றை அவன் பிடித்த பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். மகா சோம்பேறி. ஊரே காற்றில் நடுங்கிக்கொண்டு நிற்க, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வருவான். காற்று அவனை இழுத்துப் போகாதபடி விவியன் அண்ணி பின்னால் நின்று கோட்டைப் பிடித்துக்கொள்வாள்.

போன குளிர்காலத்தில் அண்ணன் போய்விட்டான். பிப்ரவரியில் என் மகள் லொரீனுக்குப் பெண் பிறந்தது. துலுகாக் என்றே பெயர் வைத்தோம். ஊரெல்லாம் வந்து, "என்னய்யா டெல்பர்ட், சௌக்கியமா?" என்று கொஞ்சியது. அண்ணி மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

நூறாவது ஆண்டுவிழா அன்று காலை அவள் வீட்டுக்கே போனேன்.

"கிளம்புங்க அண்ணி. கோட்டைப் பிடிக்க ஆள் வேணும்."

"உன் மக பிடிக்கட்டும். அது கைக்குழந்தை, மர்னா. என் ஆளு கல்லறை மேட்டுல படுத்திருக்காரு."

"ரெண்டும் ஒரே ஆளுதான்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீங்கதானே?"

"அடுத்தவ புருஷனுக்குச் சொல்றது சுலபம்டி," என்று சொல்லிவிட்டுக் கருவாடு நறுக்கத் திரும்பிவிட்டாள்.

பனிமேல் பலூன் ஏறிவிட்டது. கயிறு தொங்குகிறது, லொரீனைக் காணோம். புதிதாக வந்த வாத்தியார், "வேற யாராவது பிடிச்சா என்ன?" என்றார். எல்லோரும் லொரீன் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றோம். காற்று முகத்தை அறுத்தது.

ஜன்னலிலிருந்து பார்த்திருக்க வேண்டும், அண்ணி கோட்டை மாட்டிக்கொண்டே இறங்கி வந்தாள்.

"ஏன் இன்னும் பிடிக்கல?"

"பால் குடிக்குதாம் அண்ணி. முடிச்சிட்டுத்தான் வருமாம்."

அண்ணி அப்படியே நின்றாள். "அப்ப காபி, இப்ப பாலா," என்றாள்.

லொரீன் குழந்தையோடு ஓடி வந்தாள். கயிற்றை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியை அதன் கைக்குள் வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. காற்று ஒரு தூக்குத் தூக்கியது. அண்ணியின் கை தானாகப் போய்க் குழந்தையின் கோட்டைப் பின்னாலிருந்து பிடித்தது. பிறகு குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"விட்டுடாதீங்க," என்றாள் அதன் காதில். "நான் பிடிச்சிருக்கேன்."

அப்புறம்தான் நாங்கள் எல்லோரும் கயிற்றில் கை வைத்தோம்.