சைத்தூன் பீவியின் போணி

சைக்கிள் செயின் கழன்றது. துரைராசு வண்டியை வேலியோரம் சாய்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"லாத்தா! நில்லுங்க லாத்தா!"

முன்னால் போன ஆட்டோ நிற்கவில்லை. உள்ளே இருந்தது, ஊரே 'லாத்தா' என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் சைத்தூன் பீவி. அவர் கையால் போணி ஆனால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும் என்பது அதிராம்பட்டினம் கடைத்தெருவின் நம்பிக்கை. துரைராசுவின் மளிகைக் கடையில் வருஷக்கணக்காக அவர்தான் முதல் போணி. ஒருநாள் பீவி சில்லறை இல்லாமல் 'அப்புறம் தர்றேன்' என்றபோது, துரைராசு தன் சட்டைப் பையிலிருந்தே காசெடுத்து அவர் கையில் கொடுத்து, அதையே திரும்ப வாங்கிக் கல்லாவில் போட்டார். முதல் காசு விழாமல் எப்படி?

அந்தக் கை இப்போது போவது, இன்று காலை திறக்கும் மூன்று மாடி சூப்பர் மார்க்கெட்டுக்கு! ஆட்டோவை அனுப்பியதே அதன் மேனேஜர் செழியன்தான். வெளியூர்க்காரன். ஆனாலும் ஊரில் யாருக்குக் கைராசி என்று விசாரித்து வைத்துவிட்டான், பாவி.

விளம்பர நோட்டீஸைப் பார்த்தே பாதி வாடிக்கை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இனி போணியும் போனால் கடையை மூட வேண்டியதுதான்.

துரைராசு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, கண்ணாடிக் கதவு பீவியை விழுங்கித் தானாக மூடிக்கொண்டது. வெளியே நின்று எட்டி எட்டிப் பார்த்தார். பீவி கூடை நிறையச் சாமான் எடுத்தார். பில் போடும் இடத்துக்கு வந்தார். பர்ஸைத் திறந்தார். செழியன் கும்பிட்டான்.

துரைராசு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"என்னப்பா துரை, நின்னுக்கிட்டே தூங்குறே?"

எதிரே பீவி, இரண்டு கையிலும் புடைத்த பைகள்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா லாத்தா?"

"வண்டி அனுப்புனான், வந்தேன். ஏசி காத்து கசக்குமா? பையைப் பிடி."

பிடித்தார். தன் கடை வரைக்கும் சுமந்து வந்தார். பீவி வழக்கம்போல் ரூபாய் நோட்டை நீட்டினார்.

"கால் கிலோ சீனி போடு."

"இனிமே எதுக்கு? போணிதான் அங்கே ஆயிடுச்சே!"

"எங்கேப்பா ஆச்சு? நானும் காசை நீட்டுனேன். 'உங்ககிட்ட போய் காசு வாங்குவனாம்மா'ன்னு கும்பிட்டு, பர்ஸை மூட வச்சிட்டான். அவன் கடைக்கு முதல் போணியே ஓசி!"