காய்ச்சல் பாடம்

இந்த வாரத்தில் மூன்றாவது முறையாகப் போனில் புளுகினாள் அம்மா.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் டீச்சர். படுத்த படுக்கையா இருக்கா."

படுத்த படுக்கையாம்! ஆறு வயது மகள் எதிரிலேயே உட்கார்ந்து டப்பா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆட்டிசத்துக்கான பயிற்சி ஒன்றரை வருடமாக, வாரத்துக்கு ஐந்து நாள். 'முடியல, கொஞ்ச நாள் நிறுத்திக்கிறேன்' என்று நேராகச் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. பெற்றவள் சலித்துக்கொள்ளலாமா? அதனால் பழியைத் தூக்கிப் பிள்ளையின் தலையில் போட்டாள்.

"ஐயோ பாவம், நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்மா" என்றார் பயிற்சி டீச்சர். அந்தக் கரிசனம் சுருக்கென்று தைத்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மூடிகள் பாதியில் கிடந்தன. மகளைக் காணோம்.

படுக்கையறையில் இருந்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அக்குளில் தெர்மாமீட்டரை இடுக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் படுத்திருந்தாள். காய்ச்சல் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று டீச்சர் படம் காட்டிக் காட்டி நான்கு மாதம் பழக்கிய பாடம். ஒரு தடவைகூட அவள் தானாகச் செய்ததில்லை. இன்றுதான் முதல்முறை.

"டீச்சர், செஞ்சுட்டா! யாரும் சொல்லாமலே செஞ்சுட்டா!" என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மாவின் விரல் டீச்சரின் எண்வரை போய் நின்றது.

எந்த வாயால் சொல்வது?

போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மகள் மருந்துக்காகச் சமர்த்தாக வாயைத் திறந்து காட்டினாள்.