செவ்வாய் சிலுவை, சனி தாமரை

தோ மான்சிக்குக்குக் கடவுள் நம்பிக்கை என்று ஒன்று கிடையாது. ஆனால் தென்கொரியாவில், மொக்போ நகரத்து மலைச்சரிவில் இருக்கும் அவருடைய வீட்டு இரும்புக் கதவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை அந்தக் கதவில் சிலுவை போட்ட தகடு இருக்கும். 'பேரொளி சபைக் குடும்பம்' என்று அதில் எழுதியிருக்கும். வியாழனன்று பார்த்தால் மாதா. சனியன்று தாமரை.

தங்கள் வீடு எந்த சபை, எந்தக் கோயில் என்று கதவில் தகடு ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். ஒட்டினால் ஒட்டினதுதான், ஜென்மத்துக்கும் வராது. மான்சிக் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, கோழி வறுவல் கடைக்காரன் இலவசமாகக் கொடுக்கும் காந்த விளம்பரங்களைத் தகட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டார். மனுஷன் ஆயுசு பூரா டவுன் பஸ் ஓட்டியவர். முகப்புப் பலகையை மாற்றினால் அதே பஸ் வேறு ஊருக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியாதா?

செவ்வாயன்று சபையிலிருந்து பாங் அம்மா வருவார். நெத்திலி வறுவல், கீரை, மாட்டுக்கறிக் குழம்பு என்று டப்பா டப்பாவாகக் குளிர்சாதனப் பெட்டியில் அடுக்கிவிட்டு, எரிவாயு அடுப்பு தானாக அணைகிறதா என்று சோதித்துவிட்டு, குழம்பு ஆறும்வரை ஜெபம் செய்வார். மாதா கோயிலிலிருந்து வியாழக்கிழமை வருகிறவள் ஸ்கொலாஸ்டிகா. குளியலறையில் கைப்பிடி பொருத்திக் கொடுத்ததும், கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான். புத்தர் கோயில் மியோயொன் அம்மா சனிக்கிழமை கம்பளியைத் துவைத்து மடித்துக் கொண்டுவருவார். தனியாக இருக்கும் வயதானவர்கள் சொந்த வீட்டிலேயே காலம் தள்ள வேண்டும், அதற்கு என்ன உதவி வேண்டுமோ செய்வோம் என்பதுதான் மூன்று இடத்துக்காரர்களின் திட்டமும். அதில் மான்சிக்குக்கு ஆட்சேபணையே இல்லை.

ஆட்சேபணை எல்லாம் மகள் ஹேரானுக்குத்தான். கோடையில் அப்பா ஒரு தடவை வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தெருவெல்லாம் தேடியதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. குவாங்ஜூ நகரத்திலிருந்து போன் செய்தாள்.

“செவ்வாக்கிழமை வரேன்ப்பா. ஒரு முதியோர் இல்லம் பார்த்து வெச்சிருக்கேன். இன்னொரு தடவ ஏதாவது மறதின்னு என் கண்ணுல பட்டுச்சு, அன்னிக்கே கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்.”

மான்சிக்குக்கு அது என்ன மாதிரி இடம் என்று தெரியும். கூட பஸ் ஓட்டிய கியேவைப் பார்க்க ஒருமுறை அப்படியோர் இல்லத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கதவு ரகசிய எண் போட்டால்தான் திறக்கும். எண் நர்ஸுக்குத் தெரியும், கியேவுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது கியே கதவுவரை வந்து நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குச் சோறு இறங்காது.

செவ்வாய் காலை வீடு பளபளவென்று இருந்தது. கதவில் சிலுவை. ஹேரான் அடுப்பைப் பார்த்தாள், குளியலறைக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள், மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகுகிற நேரத்தில் பாங் அம்மா பெரிய வாளியோடு உள்ளே வந்தார்.

“இந்தாங்க ஐயா, குளிர்காலக் கிம்ச்சி. பனி முந்திக்கப் போகுதுன்னு ரேடியோல சொன்னான். நேத்தே சபைல எல்லாரும் உக்காந்து கோஸு முழுக்க ஊறப்போட்டுட்டோம்.”

மான்சிக்குக்குப் பொறி தட்டியது. பனி சபைக்கு மட்டுமா முந்தும்? கிம்ச்சி என்கிற கோஸ் ஊறுகாய் போடும் நாளைக் குளிர் தீர்மானிக்கிறது. அதற்கு ஏது கிழமை? ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். படிக்கட்டில் ஸ்கொலாஸ்டிகா ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்துகொண்டிருந்தாள்.

“குப்பையைக் கொட்டிட்டு வந்துடறேன்” என்று குப்பையே இல்லாமல், மற்ற இரண்டு தகடுகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே பாய்ந்தார். சிலுவை போனது, மாதா வந்தாள்.

“உள்ள வராதீங்க சகோதரி, தரை ஈரமா இருக்கு” என்று வாசலிலேயே வாளியை வாங்கிக்கொண்டார். “ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிட்டுப் போறேனே” என்றாள் அந்தப் புண்ணியவதி. அவள் கண்ணை மூடிய நேரம் பார்த்து, கீழே சாம்பல்நிறக் கோயில் உடுப்பு தெரிந்தது. மியோயொன் அம்மா. அவர் கையிலும் வாளி.

மாதாவை எடுத்துவிட்டுத் தாமரையை வைக்கப் போனவருக்கு அவசரத்தில் பிடி வழுக்கியது. மூன்று தகடும் கல்படியில் விழுந்து கணகணவென்று உருண்டன. சத்தம் கேட்டு ஹேரானும் பாங் அம்மாவும் வெளியே ஓடி வந்தார்கள். மேலே ஏறி வந்துவிட்ட மியோயொன் அம்மாவைப் பார்த்து, பதற்றத்தில் மான்சிக் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, “நமோ அமிதாபா, ஆமென்” என்றார்.



ஹேரான் குனிந்து தகடுகளைப் பொறுக்கினாள். முகம் வெளுத்துவிட்டது.

“அப்பா, நீங்க எந்த மதம்னு ஞாபகம் இருக்காப்பா?”

“இன்னிக்கா?” என்று கேட்டுவிட்டார்.

அவ்வளவுதான், அவள் பொலபொலவென்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே போனை எடுத்து அந்த இல்லத்தின் எண்ணைத் தேடினாள். மான்சிக் திருதிருவென்று விழித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மறதிக்காரர், இல்லம். வாயைத் திறந்தால் புத்திசாலி, ஆனால் மூன்று சாமியையும் ஏய்த்தவர். கியேவின் முகம் கண்முன் வந்தது.

“மறதி இல்லம்மா” என்றார். “மோசடி.”

“என்னது?”

“செவ்வாக்கு சிலுவை, வியாழனுக்கு மாதா, சனிக்குத் தாமரை. எல்லாம் தெரிஞ்சேதான் மாட்டினேன்.”

பாங் அம்மாவுக்கு வந்ததே கோபம்!

“மறதியா? இந்த ஆளுக்கா? ஏம்மா பொண்ணே, எனக்கு இருக்கறது ஒரே சாமி. அதுக்கே ஜெபக்கூட்டம் என்னிக்குன்னு மறந்துபோவுது. இவரு மூணு சாமிய வெச்சுக்கிட்டு ஒரு நாள், ஒரே ஒரு நாள் மாத்தி மாட்டலையே!”

“தவக்காலத்துல மாமிசமே தொடறதில்லன்னாரே” என்றாள் ஸ்கொலாஸ்டிகா.

“அந்த மாசந்தான் என் மாட்டுக்கறிக் குழம்ப டப்பாவோட நக்குனாரு!”

“எங்ககிட்ட கறின்னாலே குமட்டும்னாரு” என்ற மியோயொன் அம்மா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஏன்யா” என்று பாங் அம்மா அவர் பக்கம் திரும்பினார், “சிலுவை மாட்டினாத்தான் சோறுன்னு நாங்க எப்பவாவது சொன்னோமா?”

“சொல்லல.”

“அப்புறம் என்னத்துக்கு இந்தக் கூத்து?”

ஹேரான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாங் அம்மாவைக் காட்டினாள். “இவங்க ஒருத்தங்க கொண்டு வர்றதே உங்களுக்கு மிஞ்சுமேப்பா. எதுக்கு மூணு பேரு?”

“மிஞ்சத்தான் மிஞ்சுது. பாதிய தெருப்பூனைக்குத்தான் போடறேன்.” மான்சிக் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஆனா பாங் அம்மா செவ்வாக்கிழமையோட போயிடறாங்க. மத்த நாள்ல கதவத் தட்ட ஆளு வேணாமா?”

பாங் அம்மாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. மியோயொன் அம்மா மெதுவாகக் கேட்டார்.

“திங்கக்கிழமைக்கு யாரு?”

“நாலாவது மதம் இன்னும் கிடைக்கல.”

“ஞாயித்துக்கிழமை?” இதைக் கேட்டது ஹேரான்.

“அன்னிக்கு எல்லா சாமிக்கும் வேலை. யாரும் வரமாட்டாங்க.”

அவள் போனைப் பைக்குள் போட்டாள். மாசத்துக்கு ஒரு தடவை வந்து, அடுப்பையும் மாத்திரையையும் சோதித்துவிட்டுப் போகிற மகள் அவள். அது அவளுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

“ஞாயித்துக்கிழமை இனிமே நான் வரேன்ப்பா. வாராவாரம்.”

மான்சிக் தலையை நிமிர்த்தி அவளையும் பார்த்தார், வாசலில் இருந்த மூன்று வாளிகளையும் பார்த்தார்.

“வெறுங்கையோடவா வருவே?” என்றார்.