என் சக்களத்தி ஒரு கம்பளி

ஐம்பது வயதில் எனக்கு முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளோடு போட்டி போட வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் சம்மதித்தேன். ஆனால் அவள் ஒரு கம்பளியாக வந்து எங்கள் கட்டிலில் படுத்திருப்பாள் என்று யார் கண்டார்கள்?

சாம்பல் நிறக் கம்பளி. நடுவில் தேய்ந்துபோய், தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரியும். ஓரம் முழுக்கச் சிவப்புத் துணி வைத்துப் பொடிப்பொடியாகத் தையல். இப்படித் தைக்க ஒரு பெண்ணுக்குத்தான் பொறுமை இருக்கும். அவள் கைவேலைதான் என்று பார்த்தவுடனே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, அந்தக் கம்பளிக்குள் புகுந்துகொண்டு சுவரோரமாக ஒண்டிக்கொள்வார். அதன் நுனிகூட என் மேல் படாது. பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். எனக்கென்று ஒரு புதுப் போர்வை வாங்கிக் கொடுத்திருந்தார். பூப்போட்டது, வழவழவென்று இருக்கும். குளிர்காலம் வந்ததும் அதன் லட்சணம் தெரிந்தது. திரும்பிப் படுத்தால் நழுவிக் கீழே விழும். விழாவிட்டாலும் சூடு கிடையாது.

"குளிருதாங்க?" என்று கேட்பார்.

"இல்லைங்க" என்பேன். கேட்டு வாங்க நான் என்ன பிச்சைக்காரியா? கூப்பிட வேண்டியவர் கூப்பிடட்டும். சாக்ஸ், ஸ்வெட்டர், அதற்கு மேல் ரோஷம், எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்தேன்.

ரோஷம் எத்தனை நாள் சூடு கொடுக்கும்? ஒரு நாள் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்றபடியே தங்கைக்குப் போன் செய்தேன். "உன் வீட்டுப் பின்னாடி ரூமை யாருக்கும் விட்டுடாதே. மாசக் கடைசியில வந்தாலும் வந்துடுவேன்."

"என்னக்கா, அடிச்சாரா?"

"அவரா? ஈ எறும்பைக்கூட அடிக்க மாட்டாரு. எனக்கு அங்க இடம் இல்ல, அவ்வளவுதான்." மூக்கைத் துடைத்துவிட்டு, காத்திருந்தவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய மகள் வந்தாள். பால்கனியில் கம்பளியை வெயிலுக்குப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஐயோ, இந்தச் சனியன் இன்னுமா இருக்கு? அம்மா மூணு தடவை இதைக் குப்பையில போட்டாங்க. மூணு தடவையும் அப்பா போய்ப் பொறுக்கிட்டு வந்தாரு!"

நான் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினேன். "அது உங்கம்மா தச்சது இல்லையா?"

"அம்மாவா? அவங்களுக்கு ஊசியில நூல் கோக்கவே வராது. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா லிஃப்ட் மோட்டார் ரூம்ல படுத்துக் கெடந்தப்ப வாங்கினதாம். தச்சதும் அவருதான். இதை 'உங்க மூத்த பொண்டாட்டி'ன்னுதான் அம்மா சொல்லுவாங்க."

அவர் அசடு வழிந்தார். "அவளுக்கு இந்தக் கிரீஸ் வாடை ஆகாது. மேல பட்டாலே சண்டைக்கு வருவா. அதான் சுவரோரமா வச்சுக்கிட்டுப் பழகிட்டேன். உங்களுக்காவது தொந்தரவு இல்லாம இருக்கட்டும்னு புதுசு வாங்கினேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பழியை வெங்காயத்தின் மேல் போட்டேன். இத்தனை நாளும் மனசுக்குள் அவளைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். அவளோ, பாவம், என் கட்சி.

அன்றைக்கு விளக்கை அணைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "எனக்குக் குளிருது. குளிர் ஆரம்பிச்ச நாள்ல இருந்தே குளிருது."

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க கூப்பிடுவீங்கன்னு பார்த்தேன்."

"நாத்தம் அடிக்குமேம்மா."

"அடிக்கட்டும். நகருங்க."

நாற்றம் அடித்தது நிஜம்தான். அவள் தூக்கிப் போட்டதில் தப்பே இல்லை. அவர் ஓரத்தை இழுத்து என் முதுகுக்கு அடியில் செருகினார். பிறகு கட்டிலை விட்டு இறங்கி, கால்மாட்டில் நின்று என் பாதங்களைச் சுற்றி மடித்துவிட்டார்.

"சூடா இருக்கா?" என்று கேட்டார்.

அம்மா போன பிறகு என்னை யாரும் போர்த்திவிட்டதில்லை. கையை வெளியே நீட்டி அவரை உள்ளே இழுத்துக்கொண்டேன்.